பெட்டியில் ஓ.சி., அறையில் 31 டிகிரி

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கணினிக் கடையின் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு யாராவது ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. படத்தில் பக்கத்தில் பக்கத்தில் 2 பெட்டிகள். கீழே ஒரு வரி: "அண்ணே, ரெண்டும் 5070தான். ஒண்ணுல ஓ.சி.ன்னு போட்டிருக்கு, 350 வெள்ளி கூட. எதை எடுக்க?" 5070 என்பது விளையாட்டின் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு. ஓ.சி. என்றால் ஓவர்கிளாக், அதாவது தொழிற்சாலையிலேயே வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி விற்பது. தம்பியின் கேள்விக்குத் தயாராக 2 பதில்கள் ஊரில் உலவுகின்றன. ஒன்று, "ஓ.சி. எல்லாம் சும்மா ஸ்டிக்கர், மலிவானதை எடு." இன்னொன்று, "ஓ.சி.க்குத்தான் நல்ல சிப்பாகப் பொறுக்கிப் போடுவாங்க, காசைப் பார்க்காதே." இரண்டுமே பாதி சரி என்பதுதான் தொல்லை. பாதி சரியான பதிலை வைத்துக்கொண்டு 3,000 வெள்ளி பக்கம் செலவழிக்க முடியாது.

என் கட்சி இது: பெட்டியில் இருக்கும் மெகாஹெர்ட்ஸ் எண்ணுக்கு, அதாவது வேகத்துக்கு, ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த 350 வெள்ளி பெரும்பாலும் அந்த எண்ணுக்கான விலையே அல்ல. எதற்கான விலை என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், சில நேரம் விலை கூடின கார்டை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அதுவும் நம் ஊர் வெயிலில்.

எண்ணை முதலில் முடித்துவிடலாம். 2025 மார்ச்சில் வந்த ஆர்டிஎக்ஸ் 5070க்கு, அதன் சிப்பை வடிவமைத்த என்விடியா குறித்த பூஸ்ட் வேகம் (விளையாடும்போது ஏறும் வேகம்) 2,512 மெகாஹெர்ட்ஸ். ஒரு ஓ.சி. மாடலில் 2,600 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 88, அதாவது மூன்றரை விழுக்காடு. இந்த மூன்றரையும் அப்படியே விளையாட்டில் வந்து விழாது. தொழிற்சாலையில் ஏற்றுவது பெரும்பாலும் ஜிபியு, அதாவது கார்டின் மெயின் சிப், அதன் வேகத்தை மட்டும்தான். மெமரியைத் தொடுவது அபூர்வம். 5070இன் ஜிடிடிஆர்7 மெமரி எல்லா மாடலிலும் 28 ஜிபிபிஎஸ், 192 பிட் பாதை, விநாடிக்கு 672 ஜிகாபைட். சமையல்காரர் வேகமாகக் கை ஓட்டினாலும் காய்கறி அதே வேகத்தில்தான் வந்து சேர்கிறது. அதனால் மூன்றரை விழுக்காடு வேகம் திரையில் 1, 2 விழுக்காடாகச் சுருங்கிவிடும். விநாடிக்கு 100 ஃபிரேம் (படம்) ஓடும் இடத்தில் 101, 102. திரையில் ஓடும் எண்ணை மூடிவிட்டால் எது எந்தக் கார்டு என்று யாராலும் சொல்ல முடியாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஏற்ப ஃபிரேமைக் கட்டிவைத்து விளையாடுகிறவருக்கு அந்த 2 ஃபிரேம்கூடக் கிடையாது.

இன்னொன்று, பெட்டியில் எழுதிய வேகத்தில் எந்தக் கார்டும் ஓடுவதில்லை. அது கம்பெனி எச்சரிக்கையாகக் குறைத்துச் சொல்லும் உத்தரவாத எண். குளிர்ச்சியும் மின்சாரமும் இருக்கும்வரை கார்டு தானாகவே அதைத் தாண்டி ஏறும். 2,512 என்று போட்ட சாதா 5070 விளையாட்டில் 2,600ஐத் தாண்டி ஓடுவது சாதாரணம். ஆக, "ஓ.சி. கார்டு 2,600, சாதா கார்டு 2,512" என்று ஒப்பிடுவதே தப்புக் கணக்கு. இரண்டுமே அதற்கு மேலேதான் ஓடப்போகின்றன. எவ்வளவு மேலே என்பதை வேறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

15 மெகாஹெர்ட்ஸ் படிக்கட்டு

என் மனதில் இந்த விவகாரத்தைத் திருப்பிப் போட்டது ஒரு சின்ன விவரம். என்விடியா கார்டுகள் வேகத்தை வழுக்கிக்கொண்டு மாற்றுவதில்லை, படிப்படியாக மாற்றுகின்றன. ஒரு படி 15 மெகாஹெர்ட்ஸ். கார்டு சூடாகச் சூடாக, ஆபத்தான வெப்பத்துக்கு வெகு முன்னாலேயே, சில டிகிரிக்கு ஒரு படி என்று இறங்கத் தொடங்கிவிடும். வெப்ப எல்லையைத் தொட்டால்தான் வேகம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணினியை இயக்கி விளையாட்டைத் திறந்த முதல் நிமிடத்தில் 2,790 காட்டும் கார்டு, அரை மணி நேரம் கழித்து 2,745இல் நின்றால் அதற்குக் கோளாறு ஒன்றும் இல்லை. சூட்டுக்கு 3 படி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது கடையில் இருக்கும் மலிவான ஓ.சி. மாடல்களைப் பாருங்கள். பலவற்றில் தொழிற்சாலை ஏற்றியிருப்பது 30 மெகாஹெர்ட்ஸ். அதாவது 2 படி. 2 ஃபேன், மெல்லிய ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்), அதற்கு மேல் ஓ.சி. ஸ்டிக்கர். பக்கத்தில் அதே சிப், ஓ.சி. இல்லை, ஆனால் 3 ஃபேன், தடித்த ஹீட்சிங்க். இரண்டையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் 2 ஃபேன் கார்டு தன் 2 படியையும் சூட்டில் தொலைத்துவிட்டு, சாதா கார்டுக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ நிற்கும். சத்தமும் கூட.

இந்த இடத்தில்தான் ஊர் குறுக்கே வருகிறது. நாம் யூடியூபில் பார்க்கும் ரிவியூக்கள் பெரும்பாலும் 20இலிருந்து 23 டிகிரி வைத்த அறையில் எடுத்தவை. செந்தூலில் ஒரு ஃபிளாட்டின் அறையில் ராத்திரி 10 மணிக்கு ஏர்கோன் போடாமல் 30, 31 டிகிரி இருக்கும். ஜெலுத்தோங்கிலும் பட்டர்வொர்த்திலும் அதே கதைதான், கூடவே புழுக்கம். அறை வெப்பம் 9 டிகிரி கூடினால் கார்டின் வெப்பமும் ஏறக்குறைய 9 டிகிரி கூடும், ஃபேன் அதே வேகத்தில் சுற்றினால். ஆனால் ஃபேன் அதே வேகத்தில் சுற்றாது. கார்டு ஃபேனை முடுக்கிவிடும். ஆகவே ரிவியூவில் "72 டிகிரி, அமைதியான கார்டு" என்று சொன்னது நம் அறையில் 78 டிகிரியும் ஹேர் டிரையர் இரைச்சலுமாக மாறும். மலிவு கூலரில் இந்த மாற்றம் அதிகம், பெரிய கூலரில் குறைவு. அங்கே குளிர்நாட்டில் உட்கார்ந்து "கூலர் எல்லாம் ஒன்றுதான், மலிவானதை வாங்கு" என்று சொல்கிறவர் அவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. பெரிய கூலர் சிப்பைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. 250 வாட் எடுக்கும் கார்டு எவ்வளவு அழகான கூலர் போட்டாலும் 250 வாட் வெப்பத்தை அறைக்குள்தான் கொட்டும். கார்டில் 65 டிகிரி காட்டுகிறதே, அறை ஏன் வேகுது என்று கேட்டால், வேகத்தான் செய்யும். அறைச் சூடு குறைய வேண்டுமென்றால் வாட்டைக் குறைக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

350 வெள்ளியில் என்னவெல்லாம் இருக்கிறது

என்விடியாவின் சிப்பை வாங்கி ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் போன்ற கம்பெனிகள்தான் கார்டு செய்து விற்கின்றன. அவற்றின் விலை வித்தியாசம் 2 வகை. முதல் வகை, ஒரே மாடலின் ஓ.சி. பதிப்பும் ஓ.சி. இல்லாத பதிப்பும். ஆசுஸ் டஃப், டஃப் ஓ.சி.; எம்எஸ்ஐ வென்டஸ், வென்டஸ் ஓ.சி. இப்படி. பொதுவாக இவற்றில் அதே சர்க்யூட் போர்டு, அதே கூலர், அதே ஃபேன். வேறுபடுவது பயாஸில், அதாவது கார்டுக்குள் பதிந்த அடிப்படை மென்பொருளில், எழுதிய ஒரு எண். இதற்குக் கூடுதலாகக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. வேகம் மாற்றும் மென்பொருளான ஆஃப்டர்பர்னரைத் திறந்து ஜிபியு வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் கூட்டினால் அதே கார்டு. அந்தளவு ஏற்றத்தைத் தாங்காத சிப்பைப் பார்ப்பது அரிது.

இரண்டாவது வகை, ஒரே கம்பெனியின் வெவ்வேறு தட்டுகள். எம்எஸ்ஐயில் வென்டஸிலிருந்து கேமிங் டிரியோவுக்கு, கிகாபைட்டில் விண்ட்ஃபோர்ஸிலிருந்து கேமிங் ஓ.சி., ஆரஸ் என்று, ஆசுஸில் டுவல், பிரைமிலிருந்து டஃப் நோக்கி. இங்கேதான் 200, 350, சில நேரம் 600 வெள்ளி என்று ஏறும். பெட்டியில் பெரிதாக அச்சடிப்பது ஓ.சி. என்றாலும், நீங்கள் உண்மையில் வாங்குவது வேறு சில பொருள்கள்.

முதலில் கூலர். ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) எண்ணிக்கை, தட்டுகளின் பரப்பு, மெமரி சிப்புகளும் மின்சாரப் பகுதியும் கூலரின் மெயின் தட்டைத் தொடுகின்றனவா என்பது. இதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. டெக்பவர்அப் மாதிரித் தளங்கள் கார்டைக் கழற்றிப் படம் போடுகின்றன; அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஃபிரேம் எண்ணிக்கை வரைபடத்தை அல்ல. ஒரே சத்த அளவில் எத்தனை டிகிரி என்று ஒப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது. வெறும் டிகிரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஃபேனைக் கதறவிட்டு 65 டிகிரி காட்டுவது ஒரு சாதனையா?

அடுத்தது மின்சார எல்லை. 5070க்கு என்விடியாவின் அளவு 250 வாட். மலிவு மாடல்கள் சிலவற்றில் அதற்கு மேல் ஆஃப்டர்பர்னரின் பவர் லிமிட் பட்டை நகரவே நகராது. மேல்தட்டு மாடல்களில் 10, 15 விழுக்காடு ஏற்றலாம். வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: டெக்பவர்அப்பின் வி-பயாஸ் தொகுப்பில் உங்கள் மாடலைத் தேடினால் அந்த பயாஸ் கோப்பின் கீழே வழக்கமான அளவும் உச்ச அளவும் வாட்டில் எழுதியிருக்கும். கார்டு கையில் வந்தபின், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-ஸெட் மென்பொருளின் அட்வான்ஸ்டு பக்கத்திலும் அதே தகவல் வரும்.

ஆனால் மின்சார எல்லை உயரமாக இருப்பதால் உங்களுக்குப் பயன் உண்டா என்பது தனிக் கேள்வி. ஜிபியு-ஸெட்டின் சென்சார் பக்கத்தில் பர்ஃப்கேப் ரீசன் என்று ஒரு வரி இருக்கும். விளையாடிக்கொண்டிருக்கும்போது அதில் பவர் என்று காட்டினால் கார்டு மின்சாரத்துக்காக மூச்சு வாங்குகிறது. உயரமான எல்லை உதவும். வோல்டேஜ் என்று காட்டினால் வாட் மிச்சம் இருந்தும் வோல்டேஜ் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. 50 வாட் கூடக் கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது. தெர்மல் என்று வந்தால் கூலர் பிரச்சினை. இப்போது கையில் இருக்கும் பழைய கார்டில் இதைப் பார்த்துப் பழகிக்கொண்டு போனால், கடையில் விற்பனைப் பேச்சு காதில் ஏறாது.

பிறகு இரட்டை பயாஸ். கார்டின் விளிம்பில் நகம் அளவில் ஒரு சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் அமைதி. கூலருக்கு அடுத்து நான் கூடுதல் காசு கொடுக்கத் தயங்காத ஒரே வசதி இது. அமைதிப் பக்கம் போட்டால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், இழப்பது அதே 15 மெகாஹெர்ட்ஸ் படி ஒன்றோ இரண்டோ. பயாஸ் மேம்படுத்தும்போது கரண்ட் போனால்கூட மறுபக்கத்தில் இயக்கிக்கொள்ளலாம். கணினியை அணைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தள்ள வேண்டும்.

மின்சாரப் பகுதியில் கூடுதல் கட்டங்கள், வண்ண விளக்கு, பின்பக்க உலோகத் தகடு இவற்றுக்கெல்லாம் 250 வாட் கார்டில் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் கனம்தான் கூடும். ஒன்றரைக் கிலோ கார்டு போர்டில் தொங்கும்; தாங்கி வைக்க வேண்டும். கோலாலம்பூரில் அசெம்பிள் செய்து பினாங்குக்குக் கூரியரில் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து கார்டைக் கழற்றித் தனியாக அனுப்புங்கள்.

நீளத்தை அளந்து பார்க்காமல் வாங்கித் திருப்பிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024இல் என்விடியா சின்ன கேஸ்களுக்கென ஓர் அளவைச் சொன்னது: நீளம் 304 மில்லிமீட்டர், உயரம் 151, தடிமன் 50. அந்த முத்திரை உள்ள கார்டு பெரும்பாலான கேஸ்களில் உட்காரும். மேல்தட்டு ஓ.சி. கார்டுகள் பல 330ஐத் தாண்டும், போர்டில் 3 ஸ்லாட் இடத்தை விழுங்கும். 16 முனை மின் இணைப்பு உள்ள கார்டில் கேபிள் இணைப்பை விட்டு 35 மில்லிமீட்டர் நேராக வந்த பிறகுதான் வளைய வேண்டும். கேஸ் கதவு கேபிளை நசுக்கும்படி இருந்தால் அந்தக் கார்டு உங்களுக்கு இல்லை, எவ்வளவு தள்ளுபடி என்றாலும்.

பொறுக்கி எடுத்த சிப்பா?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த ஒரு மாமாவோ அத்தையோ இல்லாத பினாங்குத் தமிழ்க் குடும்பம் குறைவு. சிப் கம்பெனியான இன்டெல் 1972இல் அங்கே வந்தது. டெஸ்ட் லைனில் நின்றவர்களுக்கு பின்னிங் என்றால் விளக்க வேண்டியதில்லை: ஒரே வேஃபரில் (சிலிக்கன் தட்டில்) வெட்டிய சிப்புகளே ஒன்று போல ஓடாது, சோதித்து ரகம் பிரிப்பார்கள். அதனால்தான் "ஓ.சி. கார்டுக்கு நல்ல ரகம் போடுவாங்க" என்ற பேச்சு நம்மவர்களிடம் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. கேட்கவும் நியாயமாக இருக்கிறது.

ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 2018இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வந்தபோது என்விடியா 2080, 2070 சிப்புகளை இரண்டாகப் பிரித்து விற்றது. பெயரின் கடைசியில் ஏ என்று முடியும் சிப்பைத்தான் தொழிற்சாலையில் ஓ.சி. செய்ய அனுமதி, ஏ இல்லாதது மலிவு, மின்சார எல்லையும் தாழ்வு. அப்போது ஓ.சி. கார்டு வாங்கியவருக்கு வேறு ரகச் சிப் கிடைத்தது. அடுத்த ஆண்டே அந்தப் பிரிவினையைக் கைவிட்டார்கள். இன்றைக்கு 5070 என்றால் எல்லாருக்கும் ஒரே பெயருள்ள சிப்தான். உச்ச விலை மாடலுக்குக் கம்பெனி தானே சோதித்துப் பொறுக்கலாம். 30, 50 மெகாஹெர்ட்ஸ் ஏற்றும் நடுத்தர மாடலுக்கு அந்தச் செலவைச் செய்ய அவசியமே இல்லை. ஏறக்குறைய எந்தச் சிப்பும் அதைத் தாங்கும்.

தாங்காமல் போனதும் நடந்திருக்கிறது. 2020 செப்டம்பர் 17 ஆர்டிஎக்ஸ் 3080 விற்பனைக்கு வந்தது. சில நாளிலேயே, வேகம் 2 ஜிகாஹெர்ட்ஸைத் தொடும்போது விளையாட்டு சட்டென்று மூடிக்கொள்கிறது என்று புகார்கள். தொழிற்சாலையில் வேகம் ஏற்றிய கார்டுகள்தான் அதிகம் அடிபட்டன. சிப்புக்கு நேர் பின்னால் இருந்து மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் எந்த வகை என்ற பேச்சு கிளம்பியது. கார்டு விற்ற ஈவிஜிஏ நிறுவனமே தன் உயர் மாடலில் முதலில் போட்ட அமைப்பு நிஜச் சோதனையில் தேறவில்லை, மாற்றிவிட்டுத்தான் அனுப்பினோம் என்று வெளிப்படையாகச் சொன்னது. செப்டம்பர் 28இல் 456.55 எண்ணுள்ள டிரைவர் வந்து பெரும்பாலோருக்குச் சிக்கல் ஓய்ந்தது. தொழிற்சாலை ஓ.சி. என்பது சிப்பில் இருக்கும் இடைவெளியை உங்களுக்குப் பதிலாகக் கம்பெனி எடுத்துச் செலவழிப்பது. அவர்கள் சரியாக அளந்திருந்தால் பிரச்சினை இல்லை. புதிதாக வந்த முதல் 2 வாரத்துக் கார்டில் அவர்களுக்கே அளக்க நேரம் கிடைத்திருக்காது. வாங்கத் துடிக்கிறவர்கள் இதை மனதில் வைக்கலாம்.

"ஓ.சி. கார்டு சீக்கிரம் போயிடும்" என்ற பயத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தொழிற்சாலை ஏற்றும் வேகத்துக்கு வாரண்டியும் அவர்களே தருகிறார்கள். கார்டுகளில் முதலில் தேய்வது ஃபேன், காய்வது சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பேஸ்ட். இரண்டையும் கெடுப்பது சூடும் தூசியும், ஸ்டிக்கர் இல்லை.

ஏஎம்டி பக்கம் கொஞ்சம் வேறு

என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டியின் ரேடியான் 9070 எக்ஸ்டி கார்டில் ஓ.சி. என்றால் வெறும் வேகம் மட்டும் ஏறுவதில்லை, வாட்டும் ஏறும். ஏஎம்டி சொன்னது 2,970 மெகாஹெர்ட்ஸ், 304 வாட். சஃபையர் கம்பெனியின் மாடல்களில் பல்ஸ் அதே 2,970இல் நிற்கிறது, பியூர் 3,010, நைட்ரோ பிளஸ் 3,060. உச்ச மாடல்கள் 330, 340 வாட்வரை போகின்றன. வேகத்தில் 3 விழுக்காடுக்கு மின்சாரம் 10 விழுக்காடு கூட. டிஎன்பி மின்சார பில்லில் இது பெரிய விஷயம் இல்லை: 36 வாட், தினம் 4 மணி நேரம், யூனிட்டுக்குச் சுமார் 45 சென் என்றால் மாதம் 2 வெள்ளிகூட வராது. அறைக்குள் கூடும் சூடுதான் கணக்கு. ஏர்கோன் இல்லாத அறையில் 340 வாட் கார்டு என்பது கோடைகாலம் மட்டுமே உள்ள நாட்டில் ஹீட்டர் வாங்குவது. ஏஎம்டி குறைந்தபட்சம் 750 வாட் பவர் சப்ளை கேட்கிறது. உச்ச மாடல்களுக்கு அதற்கும் மேலே பார்ப்பது நல்லது. பழைய 650 வாட்டை வைத்துக்கொண்டு நைட்ரோ பிளஸ் வாங்கினால், பவர் சப்ளை விலையையும் சேர்த்துத்தான் அந்தக் கார்டின் விலை. இதில் என் கை பல்ஸுக்கோ, பவர்கலரின் ஹெல்ஹவுண்டுக்கோதான் போகும்.

எத்தனை வெள்ளிவரை

அதே சிப்பில், மலிவான மாடலின் விலையில் 5 விழுக்காடுவரை கூடுதலாகக் கொடுத்து நல்ல கூலரும் இரட்டை பயாஸும் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். 10 விழுக்காடு நெருங்கினால் அறையில் ஏர்கோன் இல்லை, கணினி மேசை மேலேயே இருக்கிறது, சத்தம் பிடிக்காது என்கிறவர் மட்டும். அதற்கு மேல் போனால் அடுத்த சிப்பைப் பார்க்க வேண்டிய நேரம். 5070க்கும் 5070 டிஐக்கும் அமெரிக்க அறிமுக விலையில் 200 டாலர் வித்தியாசம். அதற்கு 6,144 கோர் (கணக்குப் போடும் அலகு) 8,960 ஆகிறது, 12 ஜிபி 16 ஆகிறது, 192 பிட் 256 ஆகிறது. 600 வெள்ளி கூடக் கொடுத்து 5070இன் உச்ச மாடலை வாங்குகிறவர் இதில் பாதித் தூரத்துக்கு மேல் நடந்துவிட்டு, வழியிலேயே உட்கார்ந்துகொள்கிறார். 5060 டிஐயில் இன்னும் மோசம்: 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் அறிமுக விலையில் 50 டாலர்தான் இடைவெளி. 8 ஜிபியின் பளபளக்கும் ஓ.சி. மாடலை விட 16 ஜிபியின் அழுமூஞ்சி மாடல் எப்போதும் மேல். வேகத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், மெமரியை ஒட்ட முடியாது.

கவுன்டரில் காசு நீட்டுமுன் பெட்டியின் ஓரத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். ஷோப்பி, லாஸாடா தலைப்பில் ஓ.சி. என்று இருக்கும், வீட்டுக்கு வருவது சாதாவாக இருக்கும். ஆசுஸ் என்றால் மாடல் குறியீட்டில் மெமரி அளவுக்கு முன்னால் ஓ என்ற எழுத்து இருந்தால் ஓ.சி.; ஏ என்றால் இடைப்பட்ட ரகம்; வெறும் 12ஜி என்றால் சாதா. கிகாபைட்டில் ரெவ் என்று ஒரு எண் ஓரத்தில் இருக்கும். ஒரே பெயரில் ரெவ் 2 வந்தால் கூலர் மாறியிருக்க வாய்ப்பு உண்டு, நீங்கள் படித்த ரிவியூ ரெவ் 1க்கானதாக இருக்கலாம். உள்ளூர் முகவரின் வாரண்டி ஸ்டிக்கர் இருக்கிறதா, எத்தனை ஆண்டு என்பதையும் அங்கேயே கேளுங்கள். "பாஸ், இது லோக்கல் வாரண்டியா?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மலிவுக் கார்டை மடக்குவது

சாதா கார்டை எடுத்துவிட்டால் அறைச் சூட்டைக் குறைக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ், வேக வளைவு திறக்கும். முதலில் ஜிபியு வேகப் பட்டையை 250 மெகாஹெர்ட்ஸ் போல இறக்கி முழு வளைவையும் கீழே கொண்டுவாருங்கள். பிறகு 950 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 2,700க்குத் தூக்கி, டிக் குறியை அழுத்துங்கள். அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் எல்லாம் தட்டையாகிவிடும். கார்டு 950ஐத் தாண்டி வோல்டேஜ் கேட்காது. சோதனை மென்பொருளான 3டிமார்க் வைத்திருப்பவர்கள் அதன் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை ஓட்டலாம்: 20 சுற்று, 97 விழுக்காடு நிலைத்தால் தேர்ச்சி. தேறினால் 25 மில்லிவோல்ட் குறைத்து மறுபடி. விழுந்தால் ஒரு படி பின்னால். கடைசியாக ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடுவது) உள்ள விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். டெஸ்டில் தேறி அங்கே விழுவது உண்டு. வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, 30, 40 வாட் குறைந்து ஃபேன் அடங்கும். ரேடியானில் ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளிலேயே வோல்டேஜ் கழித்தல் இருக்கிறது. 50 மில்லிவோல்ட் கழித்து ஆரம்பிக்கலாம், 100க்குப் போகுமுன் பொறுமை வேண்டும்.

மெமரியையும் ஏற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கண்ணி. இந்த வகை மெமரியில் பிழை கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால், அளவு மீறினால் கார்டு உடனே விழாது. ஆனால் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருப்பதால் ஃபிரேம் குறையும். 200, 200 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, எண்ணிக்கை இறங்கத் தொடங்கிய இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்த வேண்டும்.

ஓ.சி. கார்டு ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு, தான் கொடுத்த காசு எங்கே போனது என்று அளக்க என்விடியாவே ஒரு வழி வைத்திருக்கிறது. கண்ட்ரோல் பேனலின் ஹெல்ப் மெனுவில் டீபக் மோட் என்று ஒரு வரி. அதை டிக் செய்தால் தொழிற்சாலை ஏற்றிய வேகம் நீங்கி, கார்டு என்விடியாவின் அளவுக்கு இறங்கிவிடும். நீங்கள் ஆஃப்டர்பர்னரில் செய்ததும் எடுபடாது. அறையும் கார்டும் நன்றாகச் சூடான பிறகு, டிக்கோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை அதே பெஞ்ச்மார்க்கை (வேகச் சோதனையை) ஓட்டுங்கள். வருகிற வித்தியாசம்தான் உங்கள் ஓ.சி.

புதுக் கார்டில் விளையாட்டு அடிக்கடி மூடிக்கொண்டாலும் முதலில் தொட வேண்டியது இதே வரிதான். டீபக் மோடில் விழாமல், அதை எடுத்ததும் விழுந்தால், டிரைவரையும் விண்டோஸையும் திரும்பத் திரும்பப் போட்டு வாரத்தைக் கழிக்க வேண்டாம். தொழிற்சாலை ஏற்றிய வேகத்தை அந்தச் சிப் தாங்கவில்லை என்பதற்கு அது வலுவான அறிகுறி. பல கடைகள் முதல் 7 நாளுக்குள் ஒன்றுக்கு ஒன்று மாற்றித் தருகின்றன. ரசீதில் அது எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொண்டு, 2 நிலையிலும் எடுத்த வீடியோவோடு போங்கள். பெட்டியையும் ஸ்டிக்கரையும் கிழித்துப்போடாமல் வைத்திருந்தால் கவுன்டரில் பேச்சு சீக்கிரம் முடியும்.